பண்டோங்குக்குப் பொருத்தமான சென்ட்

எனக்கு மூக்கு போய் இரண்டு வருடம் ஆகிறது. உறுப்பு முகத்தில்தான் இருக்கிறது, மூக்குத்தியும் அதில்தான் இருக்கிறது. வாசனைதான் வருவதில்லை. கோவிட் வந்து படுத்த வாரத்தில் போனது, திரும்பவில்லை. இது ஒரு கணக்கு டீச்சருக்கு நடந்திருந்தால் ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நானோ ஈப்போவில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் இருபத்திரண்டு வருடமாக சென்ட் விற்கிறவள்.

கிளினிக் டாக்டர் சின்னப் பையன். எப்போது திரும்பி வரும் என்று கேட்டேன். "சில பேருக்கு ஒரு வாரத்துல வரும் ஆண்ட்டி, சில பேருக்கு ஒரு வருசத்துல. சில பேருக்கு வராமயும் போகலாம்" என்றார். இதைச் சொல்வதற்கு ஒரு படிப்பு, ஒரு வெள்ளைக் கோட்டு, வாசலில் ஒரு மணி நேரம் உட்கார வைக்க ஒரு நம்பர் சீட்டு. வரவேண்டிய கோபமெல்லாம் எனக்கு அங்கேயே வந்துவிட்டது. பனடோல் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்து சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போவான். என் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். அதே காய்ச்சலில் அவரும் படுத்தார், எனக்கு ஒரு நாள் முன்னால் எழுந்து கஞ்சி வைத்துக் கொடுத்தார். நான் அழுவதைப் பார்த்துக் கதவருகில் கொஞ்ச நேரம் நின்றார்.

"வாசம் தெரியலன்னு கடையில தெரிஞ்சா நாளைக்கே போகச் சொல்லிருவாங்க. நாப்பத்தேழு வயசுல எவன் எனக்கு வேலை தருவான்?" என்றேன்.

"அழாதலா. என் மூக்கு சும்மாதான இருக்கு? அத வச்சுக்க" என்றார்.

கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் அவர் எனக்கென்று வாய் விட்டுக் கொடுத்தது அந்த மூக்கு ஒன்றைத்தான். மீதியெல்லாம் நானே பிடுங்கி வாங்கியது. அதனால் உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஏற்பாடு இப்படி. புதுச் சரக்கு வந்தால் அதன் மாதிரிக் குப்பியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வருவேன். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு அவர் திரும்பியதும், கோப்பிக்குப் பக்கத்தில் குப்பியை வைப்பேன். அவர் எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, மூடியைத் திறந்து, கண்ணை மூடி இழுத்து, என்ன வாசம் என்று சொல்வார். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன்.

ஆனால் அவர் சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருக்குத் தெரிந்த உலகமெல்லாம் அந்த லயத்து வீடுகளிலேயே முடிந்துவிட்டது. ரோஜா, மல்லி என்று ஒரு நாளும் அவர் வாயில் வராது. "இது ஒட்டுப்பால் மூட்டைலா. மழையில நனைஞ்சு மூணு நாள் ஆன மூட்டை" என்பார். மரத்தில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ரப்பரை உரித்துச் சாக்கில் கட்டி வைப்பார்கள்; அதன் நாற்றம் தெரிந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த வரியைப் படிக்கலாம். அதை நான் நோட்டில் "மழைக்காட்டின் ஆழத்தில் ஊறிய தோல் மணம்" என்று எழுதினேன். ஒரு வக்கீல் மனைவி அதைக் கேட்டு இரண்டு பாட்டில் வாங்கிப் போனார்.

இன்னொன்றுக்கு, "கிராணி சட்டை. சலவைச் சட்டைதான், ஆனா பாக்கெட்ல சுருட்டு" என்றார். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். நான் "பழைய துரைமார் பங்களாவின் நேர்த்தி" என்று எழுதினேன். "கோயில் பின்னால கொட்டுற பூ. இன்னைக்குப் பூ இல்ல, நேத்துப் பூ" என்றது "நேற்றைய மல்லிகையின் ஏக்கம்" ஆனது. நானும் பாகான் செராய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள்தான். ரப்பர்ப் பால் நாற்றம் மேலே ஒட்டியிருக்கும் என்று டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் என் அம்மா சோப்புப் போட்டு என் தோலையே உரித்துவிடுவாள். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார மறுத்த பிள்ளைகளின் மகள்கள் இன்றைக்கு அதே நாற்றத்தைக் குட்டிப் பாட்டிலில் வாங்கிக் காதுக்குப் பின்னால் தடவிக்கொள்கிறார்கள். வாங்கிக்கொள்ளட்டும் என்று நானும் நன்றாகவே விற்றேன்.

உண்மையைச் சொன்னால், மூக்கு போன பிறகுதான் என் வியாபாரம் தூக்கியது. மூக்கு இருந்த காலத்தில் "இது உங்களுக்குச் சேராது அக்கா" என்று நியாயம் பேசி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது நான் முதலில் முகர்வதே இல்லை. காகிதப் பட்டையில் அடித்து வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பேன். புருவம் ஏறினால் "எலுமிச்சைத் தோல், தெரியுதுங்களா?" என்பேன். கண் பாதி மூடினால் "அடியில ஒரு சந்தனம்." முகம் சுளித்தால் "இது எல்லாருக்கும் பிடிக்காது, ரசிக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான்." இந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு வாங்காமல் போனவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் கோலாலம்பூரிலிருந்து ஒரு புது மேனேஜர் வந்து ஏறினாள். தமிழ்ப் பெண்தான், முப்பதைத் தொடவில்லை. என்னை அக்கா என்பாள், அதே மூச்சில் லேட்டாக வந்ததற்குக் கடிதம் கொடுப்பாள். நான் அவளை மிஸ் என்பேன். வந்த மாதமே ஒரு போனை நீட்டி வீடியோ காட்டினாள். பாரிஸில் யாரோ ஒரு மொட்டைத் தலை ஆள் ஒரு சென்ட்டை முகர்ந்துவிட்டு ஒரு கிளாஸில் வாய் வைத்தான், பிறகு அழுவதுபோல் கண்ணை மூடினான்.

"இதான்கா இப்ப டிரெண்ட். ஒவ்வொரு பர்ஃப்யூமுக்கும் ஒரு டிரிங்க். ரெண்டுக்கும் ஒரே குணம் இருக்கணும். மோந்து பாக்கணும், குடிக்கணும், மறுபடி மோந்து பாக்கணும். நம்ம ஈப்போல பண்ணப் போறோம்."

முதலில் காக்டெய்ல் என்றாள். தலைமை அலுவலகத்தில், எல்லா இனத்தாரும் வருகிற நிகழ்ச்சியில் மது கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உடனே "அப்போ லோக்கல் டிரிங்க்ஸ், பாரம்பரியம்" என்றாள். ஈப்போ பழைய டவுனில் இப்போது சுவர் உரிந்தால் பாரம்பரியம், பூசாமல் விட்டு ஒரு மஞ்சள் பல்பைத் தொங்கவிட்டால் அதைவிடப் பெரிய பாரம்பரியம். வெள்ளைக் கோப்பி, பார்லித் தண்ணீர், இஞ்சி டீ, அசாம் போய் என்கிற உப்புப் பிளம் போட்ட எலுமிச்சை ஜூஸ், ரோஸ் சிரப்பில் பால் ஊற்றிய பண்டோங் என்று ஐந்து பானத்தை எழுதினாள். எதிரில் ஐந்து சென்ட். எதற்கு எது ஜோடி என்பதை மட்டும் எழுதவில்லை.

"ஜோடி சேக்குறது உங்க வேலைக்கா. பேராக்லயே பெஸ்ட் மூக்கு உங்களுதுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாள். நான் சிரித்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். கவுண்டரில் நாங்கள் மூன்று பேர். வருகிற மாதத்திலிருந்து ஒருவர்தான். அவருக்கு வாசனை ஆலோசகர் என்று பேட்ஜ் குத்தி வைப்பார்களாம். மற்ற இரண்டு பேருக்கும் மூன்றாம் மாடியில் காலுறைப் பிரிவில் இடம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. "நிகழ்ச்சி நல்லா நடந்தா அது நீங்கதான். மூக்குதான்கா இந்த வேலைக்கு எல்லாம்."

முப்பது பேர் முன்னால் நின்று முகர்ந்து, குடித்து, பேச வேண்டும். முகம் பார்த்துப் பேசும் வித்தை ஒரு ஆளுக்குச் சரி, முப்பது மூஞ்சியை ஒரே நேரத்தில் யார் படிப்பது? அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பயம்தான். பஸ்ஸில் உட்கார்ந்து காலுறையை ஜோடி சேர்ப்பதுபோல் ஒரு தடவை கற்பனை பண்ணிப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சாப்பாட்டு மேசையில் ஐந்து குப்பிகளையும் ஐந்து கிளாஸையும் வரிசையாக வைத்தேன். அவர் குளித்து, திருநீறு பூசி, பரீட்சைக்கு வந்தவர்போல் உட்கார்ந்தார்.

பழுப்பு நிறக் குப்பியை எடுத்தார். இழுத்தார். "பழைய அலமாரி. உள்ள கோப்பித் தூள் டின்னு."

"அப்போ வெள்ளைக் கோப்பிக்கு" என்று எழுதினேன்.

பச்சை. "புல்லு வெட்டுற மெஷின் போன எடம். கொஞ்சம் எலுமிச்சை எல."

"அசாம் போய்."

வெள்ளைக் குப்பிக்கு, "புதுசா சுண்ணாம்பு அடிச்ச வீடு, சவக்காரத்துல தோச்ச வேட்டி" என்றார். பார்லிக்குப் போனது. மஞ்சளுக்கு, "இஞ்சி. இல்லாட்டி மஞ்சத் தூளு. எதுவா இருந்தாலும் வேர்தான்." ரோஜா நிறக் குப்பி வந்தது. "இது... கல்யாண வீடு. வாசல்ல பன்னீர் தெளிப்பாங்கல்ல, அது. பண்டோங்குக்கு அப்படியே ஒட்டும்லா."

எவ்வளவு துல்லியம் என்று எனக்கே மலைப்பாக இருந்தது. இந்த மனிதர் பாரிஸில் பிறந்திருந்தால் அந்த மொட்டைத் தலையன் இடத்தில் இவர்தான் இருந்திருப்பார் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் மத்தியானத்துக்குக் கோழி கேட்பார்.

நிகழ்ச்சி பழைய டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில். அந்தக் கட்டடம் என் வாடிக்கையாளர் ஒருவரின் குடும்பத்துடையது. அவரை நாங்கள் ஆச்சி என்போம். செட்டிநாட்டிலிருந்து வந்த குடும்பம், மகன்களில் ஒருவர் டாக்டர், ஒருவர் வக்கீல். எழுபது வயது இருக்கும். வைரத்தோடும் கைத்தறிச் சேலையுமாக வருவார், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்வார். அவருக்கு மட்டும் டிக்கெட் இல்லை; வீட்டுக்குச் சொந்தக்காரர் என்று முதல் வரிசையில் நாற்காலி போட்டிருந்தோம்.

அங்கே கண்ணாடி ஜாடிகள் நான்குதான் இருந்தன. பானமோ ஐந்து. "எங்க வீட்ல ஒண்ணு இருக்கு மிஸ்" என்று வாயைக் கொடுத்தவள் நான்தான். ரமலான் சந்தையில் கலர் கலராகத் தண்ணீர் ஊற்றி விற்பார்களே, அந்த மாதிரி மூடி போட்ட பெரிய கண்ணாடிப் பாலாங். முன்பு ஏதோ தேவைக்கு வாங்கியது. பங்கோர் தீவுக்குப் போய் வந்ததிலிருந்து அதில் நெத்திலிக் கருவாடு போட்டு வைத்திருந்தேன். கருவாட்டை வேறு டப்பாவுக்கு மாற்றி, பாலாங்கைச் சவக்காரம் போட்டு மூன்று தடவை கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தேன். கண்ணுக்குப் பளபளவென்று இருந்தது. என் மூக்கை நம்ப முடியுமா? அவரைக் கூப்பிட்டேன்.

"என்னாங்க, வாசம் போயிருச்சா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது விளையாட்டில்ல."

அவர் பாலாங்குக்குள் தலையையே விட்டார். உள்ளே நன்றாக மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. வெளியே எடுத்து, "சுத்தம். சவக்கார வாசம்கூட இல்ல" என்றார்.

அன்றைக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு ஆரம்பித்தோம். முப்பது பேருக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். டாக்டர் மனைவிமார், ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர், கிளாஸில் ஐஸ் உருகித் தண்ணீராகும்வரை படம் எடுத்துக்கொண்டே இருந்த இரண்டு பெண்கள். என் வீட்டுக்காரர் தட்டு ஏந்துவதற்கு வந்திருந்தார், கறுப்புச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி. மேடையில் அலங்காரத்துக்கு ஒரு முழ உயரத்தில் டம்மி பாட்டில் ஒன்று வைத்திருந்தார்கள். கடைகளில் கண்ணாடிக்குள் பார்த்திருப்பீர்கள், உள்ளே கலர்த் தண்ணீர்தான் இருக்கும்.

முதல் நான்கு ஜோடியும் ஓகோவென்று போனது. வெள்ளைக் கோப்பியில் நான் பழைய அலமாரியைத் திறந்தேன், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அசாம் போயில் ஒருவர் "யெஸ், புல்!" என்று கத்தினார். விரிவுரையாளர் பார்லித் தண்ணீரை மூன்று தடவை உறிஞ்சிவிட்டு, இதில் ஒரு மௌனம் இருக்கிறது என்றார். பார்லித் தண்ணீரில் பார்லி இருக்கும், சீனி இருக்கும். மௌனத்தை எங்கே கண்டார் என்று தெரியவில்லை. மிஸ் பின்னால் நின்று எனக்குக் கட்டைவிரலைக் காட்டினாள். வேலை என் கையில் வந்துவிட்டது என்று நினைத்தேன், மனது லேசாக இருந்தது.

கடைசியாக ரோஜா சென்ட்டும் பண்டோங்கும். பட்டைகளைக் கொடுத்தோம், முகர்ந்தார்கள். கிளாஸ்களைக் கொடுத்தோம். முதல் வாய் வைத்தார்கள்.

நான் முகங்களைப் பார்த்தேன். நாற்பது முகத்திலும் ஒரே நேரத்தில் ஏதோ ஒன்று வந்தது, உடனே போனது. ஒருவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார், பக்கத்தில் இருப்பவர் கூரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஒவ்வொருவராகத் தலையாட்ட ஆரம்பித்தார்கள். "இன்ட்ரஸ்டிங்" என்று ஒரு டாக்டர் மனைவி சொன்னார். "ஆழமா இருக்கு" என்றார் விரிவுரையாளர், ஆனால் இரண்டாவது வாய் வைக்கவில்லை.

ஆச்சி கிளாஸை நாற்காலிக்கடியில் வைத்தார்.

"ஏத்தா, இதென்ன பண்டோங்குல கருவாட்டு வாசம் அடிக்குது?"

மிஸ்ஸின் கட்டைவிரல் கீழே இறங்கிவிட்டது. "அக்கா, நீங்க டேஸ்ட் பண்ணீங்கதான? மோந்து பாத்தீங்கதான?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள். நாற்பது பேரும் என் மூக்கையே பார்த்தார்கள்.

இல்லை என்று சொன்னால் காலுறைகூடக் கிடைக்காது. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"ஆச்சி, உங்க மூக்குக்கு ஒரு கும்பிடு. இவ்வளவு பேர்ல நீங்க ஒருத்தர்தான் கண்டுபிடிச்சீங்க. அது கடல் வாசம். ரோஜாவத் தனியாக் குடுத்தா அது கல்யாண வீட்டுப் பன்னீர், அவ்வளவுதான். கடலோட சேந்தாத்தான் அது ஒரு பயணம். நம்ம பாட்டன் பூட்டன் கப்பல்ல வந்தாங்களே, அவங்க மூட்டையில என்ன இருந்துச்சு? ஒரு பக்கம் ஊர்ப் பூ, ஒரு பக்கம் கருவாடு. அந்த மூட்டையத்தான் நாங்க இந்தக் கிளாஸ்ல ஊத்தியிருக்கோம்."

சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசியது. கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து பால் மரத்தடியில் செத்துப்போன மனுசர்களை இழுத்து வந்து ஒரு கருவாட்டுப் பாலாங்குக்குச் சாட்சி சொல்ல வைத்தேன். ஆனால் கூடத்தில் அது எடுபட்டது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விரிவுரையாளர் கையைத் தட்ட ஆரம்பித்தார், அவ்வளவுதான், எல்லாரும் தட்டினார்கள். இரண்டாவது வாய் வைத்தார்கள். சிலர் மூன்றாவது கேட்டார்கள்.

"எங்க ஐயா கப்பல்ல கொண்டாந்தது சீப்புச் சீடை" என்றார் ஆச்சி. "இவ நல்லாத்தான் பேசுறா. ஆனா இது கருவாடு." அதை யாரும் கேட்கவில்லை. அந்த மண்டபத்தில் உருப்படியாக இருந்த ஒரே மூக்கு அவருடையது. வயசாகிவிட்டது, அப்படித்தான் பேசுவார் என்று விட்டுவிட்டார்கள். ரோஜா சென்ட் ஒரு பாட்டில் மிச்சமில்லாமல் விற்றது.

கைதட்டலுக்கு நடுவில் நான் பாலாங் பக்கம் திரும்பினேன். அவர் மேசையில் ஒரே இடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. காலையில் அந்தப் பாலாங்குக்குள் தலையை விட்டு மூச்சிழுத்தவர் அவர். முன் வரிசையில் இருந்த கிழவிக்குத் தெரிந்த வாசம் அவருக்கு எப்படித் தெரியாமல் போனது? எனக்கு அப்போதுதான் உறைக்க ஆரம்பித்தது.

சாமான்களைக் கட்டி ஸ்கூல் வேனில் ஏற்றினோம். டம்மி பாட்டில் என் மடியில். அவர் சாவியைத் திருகப் போனார்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். பாட்டில் மூடியைத் திருகி, அந்தப் பழுப்புத் தண்ணீரில் இரண்டு சொட்டு அவர் மணிக்கட்டில் விட்டேன். "மிஸ் குடுத்தாங்க. புதுசு. ரொம்ப விலையாம். எப்படின்னு சொல்லுங்க."

அவர் பாட்டிலைப் பார்த்தார். கையை மூக்கருகில் கொண்டுபோய்க் கண்ணை மூடி இழுத்தார்.

"நல்ல சாமான்லா. பழைய மரம். நாற்காலி, அலமாரி, அந்த மாதிரி. அடியில கொஞ்சம் கோப்பி."

"அது தண்ணி" என்றேன். "டம்மி. கலர்த் தண்ணி."

அவர் கண்ணைத் திறக்க நேரமாயிற்று. வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"எப்போலேருந்து?"

"ஒனக்கு ஒரு நா முன்ன."

"அப்போ இத்தனை நாளு ஒட்டுப்பால், கிராணி சட்டை, கோயில் பூ, அதெல்லாம்?"

"பாட்டில் கலரப் பாத்துச் சொல்வேன். பழுப்புன்னா மரம். பச்சைன்னா புல்லு. வெள்ளைன்னா வேட்டி." தயங்கினார். "நீ அன்னைக்கு அழுதல்ல. எனக்கும் இல்லன்னு எப்படிச் சொல்றது?"

இரண்டு வருடமாகப் பேராக் மாநிலத்து வக்கீல் மனைவிமாருக்கும் டாக்டர் மனைவிமாருக்கும் நான் விற்றதெல்லாம் பாட்டிலின் நிறம். எனக்கு வந்த கோபத்தில் பாட்டிலால் அவர் தலையில் ஒன்று போட்டிருப்பேன், அது கடைச் சொத்து என்பதால் விட்டேன்.

"பாவி மனுசா! வீட்ல கேஸ் லீக்கானா? ரெண்டு பேரும் ஒண்ணா வெந்திருப்போமே! எனக்குத்தான் மூக்கில்ல, ஒங்களுக்கு இருக்குன்னு நம்பித்தானே நான் நிம்மதியா இருந்தேன்!"

"தெனம் நாலு தடவ வால்வக் கையால திருகிப் பாக்குறேன்லா. நீ எந்திரிக்கிறதுக்கு முன்ன ஒண்ணு, வேன் எடுக்குறதுக்கு முன்ன ஒண்ணு..."

எண்ணிக்கொண்டே போனார். அந்த நேரத்தில் போன் அடித்தது. மிஸ். அவள் குரல் கூரையைத் தொட்டது. கடல் ரோஜாவைப் பற்றி எல்லாரும் நெட்டில் போட்டுக்கொண்டிருக்கிறார்களாம், தைப்பிங் கிளையிலும் அதே மாதிரி வேண்டுமாம். "ஆலோசகர் நீங்கதான்கா, இன்னைக்கே பேப்பர் அனுப்பிட்டேன். அந்த ஜாடியையும் கொண்டு வந்துருங்க."

எனக்குள் ஏதோ அறுந்தது. "மிஸ், எனக்கு ரெண்டு வருசமா வாசமே தெரியாது. கோவிட்ல போச்சு. இது வரைக்கும் நான் சொன்னதெல்லாம் சும்மா" என்றேன். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். போனது போகட்டும் என்றிருந்தது.

"அதனால என்னக்கா? பேச்சு இருக்குல்ல" என்றாள். "வெளிய மட்டும் சொல்லிராதீங்க. தைப்பிங் பதினாலாந் தேதி, ஓகே?" வைத்துவிட்டாள்.

ஆக, எந்த மூக்கு இல்லையென்று நான் இரண்டு வருடம் பயந்து செத்தேனோ, அந்த மூக்கை யாருமே கேட்டிருக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ வேலை இருக்கு" என்று ஸ்டீயரிங்கைத் தட்டினார். எனக்கு அழுகை வந்தது.

"இதுக்காகவா ரெண்டு வருசம் என்கிட்டப் பொய் சொன்னீங்க? வேலை போனாப் போவுது. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்து அழுதிருப்போம்ல?"

அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "மொதல்லெல்லாம் நெனப்புல இருந்துச்சு. மூட்டை வாசம், பூ வாசம் எல்லாம். கண்ண மூடுனா வரும். இப்போ அதுவும் வர்றதில்ல. வார்த்தை மட்டுந்தான் வருது" என்றார். "ஒன் தலை வாசங்கூட மறந்துபோச்சு."

நான் பாட்டிலைக் கீழே வைத்தேன். கொண்டை ஊசியைப் பிடுங்கி, முடியை அவிழ்த்து, தலையை அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து நீட்டினேன்.

"இப்போ சொல்லுங்க. பொய் சொன்னா அறைஞ்சிருவேன்."

அவர் முகத்தை என் முடிக்குள் வைத்தார். நெடுநேரம் மூச்சை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார்.

"ஒண்ணும் தெரியலலா" என்றார்.

இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் உண்மையான வாசம் அது. தலையை எடுக்காமல் அப்படியே இருந்தேன்.